கடலுக்கு எர்த் போட்டவன்

போன செவ்வாய்க்கிழமை காலை ஏழே முக்கால் மணி. கழக்கூட்டத்தில் பாதி கட்டி முடித்த ஒரு அடுக்குமாடிக் கட்டடத்தின் மூன்றாவது மாடியில் நின்று, ஸ்விட்ச் பாக்ஸைக் கோணலாகப் பதித்த ஒயர்மேனை வாய்க்கு வந்தபடி திட்டிக்கொண்டிருந்தேன். போன் அடித்தது. என் மச்சினன் எட்வின்.

“அத்தான், பம்பு நின்னு போச்சு. வெள்ளம் கேறுது.”

அவன் வெள்ளம் என்றால் தண்ணீர். படகுக்குள் தண்ணீர் ஏறுகிறது. எங்கே இருக்கிறாய் என்று கேட்டேன். பூவாறில், பொழிக்கு இந்தப் பக்கம் என்றான்.

பொழி என்றால் என்னவென்று தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். நெய்யாறு கடலில் சேரும் இடத்தில் ஒரு மணல்திட்டு. மழை இல்லாத மாதங்களில் ஆற்றை மறித்துக்கொண்டு கிடக்கும். மழை பெய்து ஆறு ஏறினால் அது உடைந்து வாய் திறக்கும். அந்த வாய்தான் பொழி. திறந்த பொழிக்குப் பக்கத்தில் இன்ஜின் ஓடாத ஒரு படகு நின்றால், ஆறு அதை இழுத்துக்கொண்டு போய்க் கடலில் துப்பிவிடும். அங்கே அலை. ஏற்கனவே பாதி தண்ணீர் நிரம்பிய பதினான்கு அடிப் படகு அந்த அலையில் எவ்வளவு நேரம் நிற்கும்?

மழைக்காலம் தொடங்கி நான்கு நாள் ஆகியிருந்தது. பொழி திறந்திருந்தது.

எட்வினுக்கு நீச்சல் தெரியும். குளத்து நீச்சல்.

அந்தப் படகுக்கு ஒயரிங் செய்தவன் நான்.

கொஞ்சம் பின்னால் போகிறேன். நான் என்ன செய்து வைத்தேன் என்று தெரியாமல் மீதியைப் படித்தால் உங்களுக்கு என் மேல் பரிதாபம் வந்துவிடும். அது வேண்டாம்.

எட்வின் என் மனைவி ஜெபாவின் தம்பி. முப்பத்தெட்டு வயது. மார்த்தாண்டத்துக்காரன். பன்னிரண்டு வருடம் வளைகுடாவில் ஏசி மெக்கானிக். கம்பெனி மூடினதும் திரும்பி வந்தான். நேமத்தில் எங்கள் வீட்டு மாடி அறையில் இருக்கிறான். இனி யாருக்கும் கீழே வேலை செய்ய முடியாது, மீன் பிடித்துப் பிழைக்கப் போகிறேன் என்றான். மார்த்தாண்டத்தில் ஏது கடல் என்று நான் கேட்டேன். சிரித்தான். அவன் அப்படித்தான், எதற்கும் சிரிப்பான்.

ஓணம் முடிந்த வாரம் ஒரு மினி லாரியில் அந்தப் படகு வந்து இறங்கியது. மூடிப்போன ஏதோ ஒரு ரிசார்ட்டில் ஏலத்தில் எடுத்திருக்கிறான். அலுமினியம். பக்கவாட்டில் டால்பின் படம் வரைந்திருந்தார்கள் — அது பார்ப்பதற்குக் கண்ணாடி போட்ட கெளுத்தி மாதிரி இருந்தது. உள்ளே தரைப்பலகை உளுத்து, மிதித்தால் கால் போனது. இன்ஜினை மாட்டும் பின்பலகையில் எறும்புப் புற்று.

என் காரைத் தெருவுக்குத் தள்ளிவிட்டு, கார் ஷெட்டில் படகை ஏற்றினோம். கேட்டைக் கழற்றித்தான் உள்ளே கொண்டுபோக முடிந்தது. மூன்று மாதம் கழற்றிய கேட் மதில்மேல் சாய்ந்தே நின்றது. கிரைண்டர் சத்தம் தாங்கவில்லை என்று குடியிருப்போர் சங்கச் செயலாளர் இரண்டு முறை வந்தார். இரண்டாவது முறை நான் பேசியதற்குப் பிறகு வரவில்லை.

எட்வின் உழைத்ததை நான் மறுக்க மாட்டேன். பெயின்ட்டை முழுக்கச் சுரண்டினான். படகைக் கட்டைமேல் தூக்கி வைத்து, உள்ளே ஓஸைப் போட்டுத் தண்ணீர் நிரப்பினான். பிறகு கீழே மல்லாந்து படுத்துக்கொண்டு, எந்த ரிவெட்டில் சொட்டுகிறது என்று பார்த்துப் பார்த்து சாக்பீஸால் வட்டம் போட்டான். முகத்திலும் சொட்டியது. ஊரின் பெரிய சந்தையான சாலைக் கடைத்தெருவில் அலைந்து மரைன் பிளைவுட் வாங்கி வந்து பலகை அறுத்தான். ஆர்கான் வெல்டிங்குக்கு ஆள் கொண்டுவந்தான். இதிலெல்லாம் நான் தலையிடவில்லை. எனக்குத் தெரியாத வேலை.

ஒயரிங் வந்ததும் நான் இறங்கினேன். அது என் வேலை!

பழைய ஒயரைப் பிய்த்தெடுத்தபோது உள்ளே செம்பு கறுத்துப் பொடியாக உதிர்ந்தது. அதைப் போட்டவனை நான் அன்றைக்குச் சொன்னதை இங்கே அச்சிட மாட்டார்கள். ஈயம் பூசிய புது ஒயர் வாங்கினேன். சிவப்பு ஒரு பக்கம், கறுப்பு ஒரு பக்கம். ஒவ்வொன்றுக்கும் தனி ஃபியூஸ். ஒவ்வொரு ஒயரின் நுனியிலும் எண். முன்னால் சிவப்பு விளக்கும் பச்சை விளக்கும். அடியில் தண்ணீர் சேர்ந்தால் தானே ஓடித் தானே நிற்கும் பம்ப். செல்ஃப் ஸ்டார்ட்டுக்குத் தடித்த கேபிள். இன்ஜினைக் கயிறு இழுத்து ஸ்டார்ட் செய்யும் பாகம் உடைந்திருந்தது. அதைச் சரி செய்யலாமா என்று எட்வின் கேட்டான். செல்ஃப் இருக்கும்போது கயிறு எதற்கு, நீ என்ன ஜெனரேட்டரா ஓட்டப் போகிறாய் என்றேன்.

எல்லாம் முடிந்தது. ஒன்றே ஒன்றுதான் பாக்கி. எர்த்.

இந்தப் பத்தியைத் தொடர்ந்து படிக்கிறவர்களுக்கு என்னைத் தெரியும். எர்த் இல்லாத வீட்டில் நான் தண்ணீர்கூட வாங்கிக் குடிக்க மாட்டேன். எர்த் போடாமல் காசு மிச்சம் பிடித்த வீட்டுக்காரர்களை இங்கேயே எத்தனை வாரம் கிழித்திருக்கிறேன்? முப்பது வருடத்தில் நான் ஒயரிங் செய்த வீட்டில் ஷாக் அடித்து ஒருவர் செத்ததில்லை. காரணம் எர்த். வீட்டுக்கு அது வேண்டும், அதில் இன்றைக்கும் நான் மாற மாட்டேன்.

அப்படிப்பட்டவன் ஒரு முழு உலோகப் படகை எர்த் இல்லாமல் விடுவேனா?

யோசித்தேன். வீட்டில் குழி தோண்டிச் செப்புத் தகட்டைப் புதைக்கிறோம். படகுக்கு மண் ஏது? தண்ணீர்தானே மண்! ஒரு சாண் அகலத்தில் நல்ல செப்புத் தகடு ஒன்றை வெட்டினேன். படகின் அடிப்பக்கத்தில், வெளியே, தண்ணீரில் எப்போதும் நனையும்படி, நான்கு பித்தளை போல்ட் போட்டு இறுக்கினேன். உள்ளே இருந்து பேட்டரியின் நெகட்டிவை அதோடு சேர்த்தேன். தள்ளி நின்று பார்த்தேன். பளபளவென்று இருந்தது. ஜெபாவைக் கூப்பிட்டுக் காட்டினேன்.

அப்போதுதான் எட்வின் பக்கத்தில் வந்து குனிந்து தகட்டைத் தொட்டுப் பார்த்தான்.

“அத்தான், செம்பும் அலுமினியமும் சேந்து நனைஞ்சா ஒண்ண ஒண்ணு தின்னும். ஏசி பைப்புல கண்டிருக்கேன். இது உப்பு வெள்ளம் வேற...”

மெதுவாகத்தான் சொன்னான். நான் மெதுவாகப் பதில் சொல்லவில்லை. நீ காற்றைக் குளிர வைத்தவன், நான் கரண்டில் பிழைத்தவன், எர்த்தைப் பற்றி எனக்கு வகுப்பெடுக்க வந்துவிட்டாயா என்றேன். இன்னும் நிறையச் சொன்னேன். மதிலுக்கு அந்தப் பக்கம் செயலாளர் வீட்டு ஜன்னல் திறந்தது. என் மனைவி முன்னால், அவள் தம்பியை, அவன் படகுக்குப் பக்கத்தில் நிற்க வைத்து...

“செரி அத்தான்” என்றான்.

கிறிஸ்துமஸ் முடிந்து படகைப் பூவாறில் இறக்கினோம். அன்றைக்கு நானும் போனேன். கரையில் நின்றவர்களுக்கெல்லாம் ஃபியூஸ் பாக்ஸைத் திறந்து காட்டிப் பெருமையடித்தேன். அதற்குப் பிறகு அந்தப் பக்கம் போகவே இல்லை. எட்வின் தினமும் விடியும் முன்பே ஸ்கூட்டரில் போய், மதியத்துக்கு மேல் மீனோடு வருவான். ஐந்து மாதம் நன்றாகத்தான் போனது.

ஏப்ரலில் ஒருநாள் சாப்பிடும்போது, பம்ப் அடிக்கடி ஓடுகிறது என்றான். ஓடத்தானே அதை வைத்திருக்கிறேன் என்றேன்.

அதற்கும் செரி.

இப்போது செவ்வாய்க்கிழமைக்கு வருகிறேன்.

போனில் நான் முதலில் கேட்டது என்ன தெரியுமா? ஃபியூஸைப் பார்த்தாயா. மூன்றாம் எண் ஃபியூஸ். விளக்கு எரிகிறதா பார். எரியவில்லை என்றான். செல்ஃப் அடித்துப் பார். டிக் என்ற சத்தம்கூட வரவில்லை என்றான். எனக்குப் புரிந்தது. ராத்திரி முழுக்கப் பம்ப் நிற்காமல் ஓடியிருக்கிறது. பேட்டரியில் மிச்சம் இருந்த உயிரில் காலையில் இன்ஜின் ஸ்டார்ட் ஆகியிருக்கிறது. புதுத் தண்ணீருக்கு மீன் ஏறும் என்று பொழிப் பக்கம் வந்து, தூண்டில் போடுவதற்காக இன்ஜினை நிறுத்தியிருக்கிறான். பம்ப் மீதியையும் குடித்துவிட்டது. பேட்டரி செத்துவிட்டது.

தண்ணீர் எவ்வளவு என்றேன். பலகைக்கு மேல் வந்துவிட்டது என்றான்.

உடனே நான் என்ன செய்தேன்? திட்டினேன். ஆமாம். பேட்டரியை ஏன் பார்க்கவில்லை, பம்ப் ஓடும் சத்தம் காதில் விழவில்லையா, அறிவு இருக்கிறதா என்று மூன்றாவது மாடியிலிருந்து கத்தினேன். ஒரு மனிதன் மூழ்கும் படகில் நின்றுகொண்டு போனில் என் வசவைக் கேட்கிறான்.

“அத்தான், சத்தம் போடாதீங்க. வெள்ளம் கோரணும். ரெண்டு கையும் வேணும்.”

தண்ணீரை அள்ளிக் கொட்டப் போனை வைத்துவிட்டான்.

திரும்ப அடித்தேன். எடுக்கவில்லை. மறுபடி... எடுக்கவில்லை. அவசர எண்ணுக்கு அடித்தேன். பொறுமையாகக் கேட்டுக்கொண்டார்கள், ஆள் அனுப்புகிறோம் என்றார்கள். பூவாறில் எனக்கு வேறு யாரைத் தெரியும்? ஒருவரையும் தெரியாது. ஃபியூஸ் பாக்ஸைக் காட்டியவன், எதிரே நின்றவர்களில் ஒருவரின் பெயரையாவது கேட்டேனா?

காரை எடுத்தேன். கழக்கூட்டத்திலிருந்து பூவாறு போகிற தூரம் உங்களில் பலருக்குத் தெரியும். காலை எட்டு மணிக்குப் பைபாஸ் எப்படி இருக்கும் என்பதும் தெரியும். ஐடி கம்பெனி பஸ்கள் எதிரே வரிசை கட்டி வந்தன. விழிஞ்ஞம் தாண்டும் இடத்தில் துறைமுகத்துக்குப் போகும் ஒரு நீளமான லாரி குறுக்கே திரும்பிக்கொண்டிருந்தது. அது திரும்பி முடிக்கும் வரை ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். ஹாரன் அடித்துப் பார்த்தேன். லாரி வேகமாகத் திரும்புமா என்ன?

அந்த இடத்தில்தான் ஜெபா கூப்பிட்டாள். எட்வின் டிபன் பாத்திரத்தை எடுக்காமல் போய்விட்டானாம். போன் செய்தால் எடுக்க மாட்டேன் என்கிறானாம். சார்ஜ் தீர்ந்திருக்கும் என்றேன். நீங்கள் ஏன் ஒரு மாதிரிப் பேசுகிறீர்கள் என்று கேட்டாள். டிராஃபிக் என்றேன். கல்யாணமாகி இருபத்திரண்டு வருடத்தில் இவ்வளவு அமைதியாக நான் அவளிடம் பேசியதில்லை. அதிலேயே அவள் சந்தேகப்பட்டிருக்க வேண்டும்.

மழை தூறிக்கொண்டிருந்தது. காரை ரோட்டோரம் விட்டுவிட்டு, தென்னந்தோப்பு வழியாக மணலில் ஓடினேன். எனக்கு ஐம்பத்தாறு வயது, ஓடுகிற உடம்பு இல்லை. இரண்டு இடத்தில் விழுந்தேன்.

கண்டேன்.

கரையிலிருந்து இருநூறு அடி இருக்கும். படகின் விளிம்பு தண்ணீருக்கு மேலே ஒரு சாண்தான் தெரிந்தது. மூக்கு ஆற்றைப் பார்த்து இருக்க, படகு பின்பக்கமாகப் பொழியை நோக்கி நகர்ந்துகொண்டிருந்தது. நங்கூரம் போட்டிருக்கிறான், மணலில் பிடிக்கவில்லை, அரித்துக்கொண்டு வருகிறது. எட்வின் முழங்கால் தண்ணீரில் நின்று எதையோ வைத்துக் கோரிக் கோரி வெளியே ஊற்றினான். வாளியா? இல்லை. இன்ஜினின் மேல்மூடி. அதைக் கழற்றி வாளியாக்கியிருக்கிறான். அவனுக்குப் பின்னால், கொஞ்ச தூரத்தில், பொழி வாயில் பழுப்புத் தண்ணீரும் கடலும் முட்டி வெள்ளையாக எகிறிக்கொண்டிருந்தன.

கத்தினேன். நங்கூரக் கயிற்றை இன்னும் நீளமாக விடச் சொல்லிக் கத்தினேன். எதிர்க்காற்று. வாழ்க்கையில் முதல் தடவையாக நான் போட்ட சத்தம் யாருக்கும் கேட்கவில்லை.

அவன் கயிற்றை ஏற்கனவே முழுக்க விட்டிருந்தான் என்பது பிறகுதான் தெரிந்தது.

ஆள் அனுப்புகிறோம் என்றவர்கள் இன்னும் வந்து சேரவில்லை. எவ்வளவு நேரம் அப்படி நின்றேன்? ஐந்து நிமிடமா, பத்தா... படகு இரண்டு தென்னை மர நீளம் பின்னால் போயிருந்தது. அவன் கோருவது மெதுவாகிக்கொண்டே வந்தது. இரண்டு தடவை கோரினான், நின்றான். மறுபடி இரண்டு தடவை. நான் சட்டையைக் கழற்றினேன். எதற்கு என்று கேட்காதீர்கள். எனக்கு நீந்தத் தெரியாது.

அப்போது பொழி வழியாகக் கடலிலிருந்து ஒரு வள்ளம் உள்ளே வந்தது. மூன்று பேர். அலையோடு ஏறி எட்வினைத் தாண்டிப் போனது. போயே போய்விட்டது என்று நினைத்தேன். ஆற்றுக்குள் போய்த் திரும்பி, மேலே இருந்து இறங்கி வந்தது. முன்னால் நின்றவர் கயிறு எறிந்தார். விழவில்லை. இரண்டாவது எறிந்தார். எட்வின் மூடியைப் போட்டுவிட்டுத் தாவினான், கயிறு கையில் பட்டு வழுக்கித் தண்ணீரில் விழுந்தது. படகு ஒரு பக்கம் சாய்ந்தது. நான் கண்ணை மூடிக்கொண்டேன். வெட்கமில்லாமல் சொல்கிறேன், மூடிக்கொண்டேன்.

திறந்தபோது கயிறு விறைப்பாக இருந்தது.

கரைக்கு இழுத்து வந்தார்கள். எல்லோருமாகப் பிடித்து மணலில் ஏற்றி, ஒரு பக்கம் சாய்த்து வைத்தோம். உள்ளே இருந்த தண்ணீர் அடிப்பக்கம் வழியாக நூல் நூலாகக் கொட்டியது. பூவாளியில் கொட்டுகிற மாதிரி. எங்கிருந்து? என் செப்புத் தகட்டைச் சுற்றி! தகட்டுக்கு ஒன்றும் ஆகவில்லை. பச்சை பிடித்து அப்படியே உட்கார்ந்திருந்தது. அதைச் சுற்றி ஒரு முழத்துக்கு அலுமினியம் வெள்ளைப் பொடியாகப் பூத்து, விரலால் அழுத்தினால் உள்ளே போனது.

கயிறு எறிந்தவர் குனிந்து பார்த்தார். எல்லைக்கு அந்தப் பக்கத்து நீரோடிக்காரர், நம் தமிழ்தான் பேசினார். பெயர் லாரன்ஸ் என்று பிறகு கேட்டுத் தெரிந்துகொண்டேன்.

“இது என்ன சாதனம்?”

“எர்த்” என்றேன்.

“எதுக்கு?”

“கரண்டு அடிக்காம இருக்க.”

“எத்தன வோல்ட்டு ஓடுது இதுல?”

“பன்னெண்டு.”

அவர் என்னை ஏறிட்டுப் பார்த்தார். பன்னிரண்டு வோல்ட்டில் யாருக்கும் ஷாக் அடிக்காது. ஸ்கூட்டர் பேட்டரியில் இருப்பதும் அதே அளவுதான். இதை உங்களுக்கும் சொல்லத் தேவையில்லை, அவருக்கும் சொல்லத் தேவையில்லை. முப்பது வருடம் லைசென்ஸ் வைத்திருக்கிற எனக்குத் தெரியாதா? தெரியும். ஆனாலும் போட்டேன். கை பழகிவிட்டது, போட்டுவிட்டேன்.

“கடலுக்கு எர்த் போட்ட ஆள இப்பத்தான் காணுதேன்” என்றார். மற்ற இருவரும் சிரிக்கவில்லை. எட்வினைப் பார்த்து அடக்கிக்கொண்டார்கள் என்று நினைக்கிறேன்.

எட்வின் மணலில் உட்கார்ந்திருந்தான். நடுங்கிக்கொண்டிருந்தான். இன்ஜின் மூடியின் விளிம்பு அறுத்து இரண்டு உள்ளங்கையிலும் ரத்தம். நான் அவன் பக்கத்தில் போனேன். என்ன சொல்லியிருக்க வேண்டும்? உயிரோடு வந்தாயே என்று சொல்லியிருக்கலாம். சட்டையைக் கொடுத்திருக்கலாம், கையில்தான் வைத்திருந்தேன்.

நான் கத்தினேன். உனக்குத்தான் தெரியுமே, நீ ஏசி மெக்கானிக்தானே, செம்பு அலுமினியத்தைத் தின்னும் என்று தெரிந்தவன் ஏன் என்னிடம் சொல்லவில்லை என்று கத்தினேன்.

“சொன்னேன் அத்தான். ஒரு தடவ.”

பின்னே ஏன் விட்டாய்? படகு உன்னுடையது, ஏறப்போவது நீ. ராத்திரி நான் தூங்கின பிறகு ஒரு ஸ்பேனரை எடுத்து நாலு போல்ட்டைக் கழற்ற உனக்குத் தெரியாதா?

கையைப் பார்த்துக்கொண்டே சொன்னான்.

“உங்க வீட்டுலல்லா இருக்கேன்.”



வீட்டுக்கு வந்தோம். ஜெபா அவன் கையைப் பார்த்ததும் எல்லாம் புரிந்துகொண்டாள். கழுவி மருந்து போட்டாள். அவன் மாடிக்குப் போன பிறகு என் எதிரே வந்து நின்றாள். ஒரு மாதமாகப் பம்ப் ஓடும் சத்தத்தைப் பற்றி அவளிடம் சொல்லிக்கொண்டே இருந்தானாம். அத்தானிடம் சொல் என்று அவளும் சொல்லிக்கொண்டே இருந்தாளாம். சொல்லாமல் சிரித்தானாம்.

“ஒங்க கிட்ட பேசுததவிட வெள்ளத்துல போறது எளுப்பம்னு நெனச்சிருப்பான்” என்றாள். அழவில்லை. அழுதிருந்தால் எனக்குக் கொஞ்சம் சுலபமாக இருந்திருக்கும்.

என்னைப் பற்றி எனக்கு ஒரு எண்ணம் இருந்தது. நான் முன்கோபி. ஆனால் நேர்மையானவன், மனதில் ஒன்றும் வைத்துக்கொள்ள மாட்டேன், கத்திவிட்டு மறந்துவிடுவேன். இதை நானே எத்தனை பேரிடம் சொல்லியிருக்கிறேன்! உங்களில் எத்தனை பேர் உங்களைப் பற்றி இதையே சொல்லிக்கொள்கிறீர்கள்? நாம் மறந்துவிடுகிறோம், சரி. கேட்டவன்? அவன் மறக்கிறானா? அவன் ஒரு வார்த்தையைக் கற்றுக்கொள்கிறான். செரி. ஒவ்வொரு வீட்டிலும் சத்தம் போட ஒருவன் இருக்கிறான், அவனைச் சுற்றிச் செரி சொல்வதற்கு நாலு பேர் இருக்கிறார்கள். அவன் அதை மரியாதை என்று நினைத்துக்கொள்கிறான்.

புதன்கிழமை கழக்கூட்டம் வேலைக்குப் போனேன். என் ஆட்கள் ஒன்பது பேரையும் கூப்பிட்டு வரிசையாக நிறுத்தினேன். நான் சொன்னபடி செய்ததில் எதுவாவது தப்பு என்று யாருக்காவது தோன்றுகிறதா, பயப்படாமல் சொல்லுங்கள் என்றேன். ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

“எல்லாம் செரியா இருக்கு சார்” என்றான் மூத்தவன். மற்றவர்கள் தலையாட்டினார்கள்.

ஆறு மாடிக் கட்டடம். அன்று முழுக்க ஒவ்வொரு வீட்டுக்கும் மின்சாரம் பிரியும் டிபி பாக்ஸை ஒவ்வொன்றாக நானே திறந்து பார்த்தேன். இரண்டில் தப்பு இருந்தது. இரண்டும் நான் வரைந்து கொடுத்தபடியே செய்யப்பட்டிருந்தன.

படகு மறுபடியும் கார் ஷெட்டுக்கு வந்துவிட்டது. கேட்டை மறுபடியும் கழற்றியாயிற்று. இனி வேண்டாம், விற்றுவிடு என்று ஜெபா தம்பியிடம் சொன்னாள். முடியாது என்றான் எட்வின். எங்கள் வீட்டுக்கு வந்த நாளிலிருந்து அவன் முடியாது என்று சொல்லி நான் கேட்டது இதுதான் முதல் தடவை.

அரித்துப்போன பகுதியை வட்டமாக அறுத்தெடுத்து, புதுத் தகடு வைத்து வெல்டிங் செய்தாயிற்று. செம்பு, பித்தளை எல்லாம் போய்விட்டது. அடியில் ஒரு துத்தநாகக் கட்டி போட வேண்டும் என்றான். உப்புத்தண்ணீர் படகைத் தின்பதற்குப் பதிலாக அதைத் தின்னுமாம், கரைந்தால் வேறு மாற்றலாமாம். போடு என்றேன். கயிறு இழுக்கும் பாகத்தை எங்கிருந்தோ தேடிப்பிடித்து மாட்டிவிட்டான்.

ஒயரிங்கை மறுபடி நான்தான் செய்கிறேன். ஆனால் அவன் சொல்கிறபடி. நெகட்டிவ் ஒயர் படகின் உடம்பில் எங்கேயும் படக்கூடாது. ஒவ்வொன்றும் பேட்டரிக்கே திரும்பிப் போக வேண்டும். மல்டிமீட்டரின் ஒரு நுனியைப் பேட்டரியிலும் மறுநுனியைப் படகின் உடம்பிலும் வைத்தால், முள் அசையக்கூடாது. முப்பது வருடமாக நான் சரி என்று நினைத்ததற்கு நேர் எதிர். கை அடிக்கடி பழைய வழிக்கே போகிறது.

நேற்றுச் சனிக்கிழமை அப்படித்தான் போயிற்று. பின்பலகையில் பம்ப் ஒயரை முடுக்கிக்கொண்டிருந்தேன். ஒயர் நுனியில் மாட்டிய உலோக லக் படகின் சட்டத்தில் உரசுகிறது, நான் கவனிக்கவில்லை. எட்வின் கட்டுப்போட்ட கையோடு படகுக்கு அடியில் படுத்துச் சாக்பீஸால் வட்டம் போட்டுக்கொண்டிருந்தவன், எழுந்து விளிம்புக்கு மேலாக எட்டிப் பார்த்தான்.

“ஓய்! அங்க முட்டுது, தெரியலியா? கண்ணு எங்க இருக்கு... அத்தான்.”

அவனே பயந்துபோனான். சாக்பீஸ் கையில் அப்படியே நின்றது. சமையலறை ஜன்னலில் ஜெபாவின் முகம் வந்தது. யார் கத்துவது என்று பார்த்தாள், நம்பாமல் இன்னொரு தடவை பார்த்தாள். மதிலுக்கு அந்தப் பக்கமும் ஜன்னல் திறந்தது.

எனக்குக் கோபம் வந்தது. வராமல் இருக்குமா? விழுங்கிவிட்டு லக்கைக் கழற்றி நாலு விரல் தள்ளி வைத்தேன். மீட்டரை வைத்துப் பார்த்தோம். முள் அசையவில்லை.

திட்ட அவனுக்கு இன்னும் சரியாக வரவில்லை. கடைசியில் அத்தான் என்று சேர்த்துக் கெடுத்துவிடுகிறான். பழகட்டும், திட்டு வாங்க இங்கே ஓர் ஆள் இருக்கிறானே.